பழைய டிவியும் செட்டாப் பாக்ஸும்: கடற்கரை வீடுகளில் கோளாறு கண்டறியும் முறை

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் ராமநாதபுரம் கடற்கரையில், பின்புறம் பருத்த பழைய டிவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. அவற்றுள் சில, 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டிகள். டிவி நல்ல நிலையில் இருக்கும்வரை அதனுடன் ஒரு செட்டாப் பாக்ஸை இணைத்துப் பார்ப்பதில் குறையொன்றும் இல்லை. ஆனால் படம் வராமல் போகும் நாளில், டிவி போய்விட்டது என்று ஒருவரும் பாக்ஸ் போய்விட்டது என்று இன்னொருவரும் அடித்துச் சொல்வார்கள். இரண்டும் நன்றாகவே இருக்க, மொட்டை மாடியில் ஒரு சின்ன கனெக்டர் உப்பரித்துக் கிடக்கும். பாக்ஸை மாற்றுவதற்கும் மெக்கானிக்கை அழைப்பதற்கும் முன்பாக, வீட்டில் இருப்பவரே கோளாறு எந்த இடத்தில் உள்ளது என்று கண்டுபிடிக்கும் வழியை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டில் உள்ளது எந்த வகைப் பாக்ஸ் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். தெருக் கம்பத்திலிருந்து கேபிள் வந்தால் அது கேபிள் பாக்ஸ். கேபிள் டிஜிட்டல்மயமாக்கலின் நான்காம் கட்டத்துக்கு 2017 மார்ச் 31 கெடுவாக விதிக்கப்பட்ட பிறகு, பாக்ஸ் இல்லாமல் கேபிளை நேரடியாக டிவியில் செருகிப் பார்த்த பழக்கம் படிப்படியாக நின்றது. மாடியில் டிஷ் இருந்தால், அது மாதக் கட்டணம் உள்ள டி.டி.எச். ஆகவோ, 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கி இன்று டிடி ஃப்ரீ டிஷ் எனப்படும் கட்டணமில்லாத சேவையாகவோ இருக்கும். இந்தப் பாக்ஸ்கள் ஒன்றுக்கொன்று மாறாதவை. கேபிள் பாக்ஸில் டிஷ் ஒயரைச் செருகினாலும் டிஷ் பாக்ஸில் கேபிளைச் செருகினாலும் எதுவும் கிடைக்காது. கம்பி ஆன்டெனாவுக்கும் இதே கதிதான். நாட்டிலேயே உயரமான, 323 மீட்டர் கொண்ட ராமேசுவரம் தொலைக்காட்சிக் கோபுரம் கண்ணுக்கெதிரே நிற்கிறதே என்று பழைய ஆன்டெனாவின் ஒயரை இந்தப் பாக்ஸ்களில் செருகிப் பார்ப்பது வீண் வேலை.

மெனு பொத்தானே முதல் சோதனை

எந்த ஒயரையும் பிடுங்குவதற்கு முன்னால், பாக்ஸின் ரிமோட்டை எடுத்து மெனு பொத்தானை அழுத்துங்கள். திரையில் வரும் அந்தப் பட்டியல் வானத்திலிருந்தோ தெருக் கேபிளிலிருந்தோ வருவதன்று. பாக்ஸே வரைந்து டிவிக்கு அனுப்புவது. ஆகவே பட்டியல் தெளிவாகத் தெரிந்தால் டிவி, டிவிக்கும் பாக்ஸுக்கும் இடைப்பட்ட ஏ.வி. ஒயர், பாக்ஸின் மின்சாரம் ஆகிய மூன்றும் சரியாக உள்ளன என்று பொருள். குறை சிக்னல் வரும் வழியிலோ சந்தாவிலோ உள்ளது. பட்டியல் வரவில்லை என்றால், மாடிக்கு ஏற வேண்டிய தேவையே இல்லை. குறை டிவி இருக்கும் அறைக்குள்ளேயே இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் டிஷ்ஷைத் திருப்பிவிட்டு, நன்றாக இருந்ததையும் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தெளிவாகத் தெரிய ஒருவர் மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்ப, இன்னொருவர் கீழிருந்து "வந்துருச்சு, வந்துருச்சு" என்று குரல் கொடுத்த காலத்துப் பழக்கம் அது. டிஷ்ஷில் அது செல்லாது.

பட்டியல் வரவில்லை என்றால்

பாக்ஸின் முன்புறம் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். விளக்கே இல்லையென்றால் சுவிட்சு, பிளக், அடாப்டர் என்ற வரிசையில் சோதியுங்கள். விளக்கு எரிந்து, அணைந்து, மீண்டும் எரிந்து, பாக்ஸ் திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்கே போய்க்கொண்டிருந்தால் முதல் சந்தேகம் அடாப்டர் மீதே விழ வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சில ஆண்டுகளில் வலுவிழந்துவிடும். அடாப்டரின் விளக்கு எரிந்தாலும் பாக்ஸுக்குத் தேவையான அளவு மின்னோட்டம் கிடைக்காது. மாற்று அடாப்டர் வாங்கும்போது பழையதன்மீது அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவு அப்படியே இருக்க வேண்டும். ஆம்பியர் அளவு அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. முனை பொருந்துகிறது என்பதற்காகக் கையில் கிடைத்த வேறொரு கருவியின் அடாப்டரைச் செருகுவது பாக்ஸைச் சுட்டுவிடும்.

விளக்கு ஒழுங்காக எரிந்தும் திரையில் ஒன்றும் இல்லையென்றால் டிவி ஏ.வி. நிலையில் இருக்கிறதா என்று கவனியுங்கள். பழைய டிவிகளின் ரிமோட்டில் டிவி/ஏ.வி. என்றொரு பொத்தான் இருக்கும். ரிமோட் தொலைந்துபோன வீட்டில், டிவியின் முன்புறச் சேனல் பொத்தானை 1-இலிருந்து ஒன்று கீழே இறக்கினால், அதாவது 0-க்குக் கொண்டுவந்தால், பல டிவிகள் ஏ.வி. நிலைக்குப் போய்விடும். வீட்டைப் பெருக்கித் துடைக்கும்போதோ குழந்தைகள் விளையாடும்போதோ இந்தப் பொத்தான் அழுந்திவிடுவது சாதாரணம்.

அடுத்தது ஏ.வி. ஒயர். மஞ்சள் முனை படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. ஒற்றை ஒலிபெருக்கி உள்ள டிவியில் மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருக்கும். அங்கே சிவப்பை வெறுமனே விட்டுவிடலாம். பின்புறத்தில் ஏ.வி. இன், ஏ.வி. அவுட் என்று இரண்டு வரிசைகள் உள்ள டிவிகளும் உண்டு. அவற்றில் இன் என்ற வரிசையில்தான் செருக வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. சிறிய பாக்ஸ்களில் மூன்று துளைகளுக்குப் பதிலாக இயர்போன் துளை போன்ற ஒரே துளை இருக்கும். அதற்கான ஒயர் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும், உள்ளே எந்த வளையம் எந்த முனைக்குப் போகிறது என்பது ஒயருக்கு ஒயர் மாறும். கடையில் வாங்கிய ஒயரில் படம் வராமல் "கொர்" என்ற இரைச்சல் மட்டும் கேட்டால், ஒயரைத் திருப்பிக் கொடுக்கும் முன், சிவப்பு முனையை டிவியின் மஞ்சள் துளையில் செருகிப் பாருங்கள். பல நேரங்களில் படம் வந்துவிடும்.

ஏ.வி. துளையே இல்லாத, ஆன்டெனாத் துளை மட்டும் உள்ள மிகப் பழைய டிவிக்கு ஆர்.எஃப். மாடுலேட்டர் என்ற சிறு கருவி இடையில் தேவை; அதன்மீது குறித்திருக்கும் சேனலுக்கு டிவியை டியூன் செய்ய வேண்டும். இதற்கு நேர்மாறாக, பாக்ஸில் எச்.டி.எம்.ஐ. துளை மட்டும் இருந்தால், எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி.யாக மாற்றும் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் கருவியும் அதே அளவில், அதே தோற்றத்தில் கடையில் இருக்கும் என்பதால், எது உள்ளே வருவது, எது வெளியே போவது என்பதை அதன்மீது படித்துப் பார்த்து வாங்குங்கள். அதற்குத் தனியாக யு.எஸ்.பி. மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பதையும், பக்கவாட்டில் சிறு சுவிட்சு இருந்தால் அது பால் (PAL) என்ற, நம் நாட்டு டிவி முறைக்கான பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். என்.டி.எஸ்.சி. (NTSC) என்ற வெளிநாட்டு முறையின் பக்கம் இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரலாம், அல்லது மேலும் கீழும் உருண்டுகொண்டிருக்கலாம். பாக்ஸின் அமைப்புகளுக்குள்ளும் இதே தேர்வு உண்டு. முகங்கள் எல்லாம் நெடுக இழுத்ததுபோல் தெரிந்தால் அது கோளாறே அன்று; அதே அமைப்புகளில் திரை அளவை 16:9-இலிருந்து 4:3-க்கு மாற்றினால் போதும்.

திரையின் குறுக்கே ஒரே ஒரு வெளிச்சக் கோடு மட்டும் தெரிந்தாலோ, மூலையில் நிறம் திட்டுத்திட்டாகப் படிந்தாலோ, அது டிவியின் குறை. அதைத் திறந்து பார்க்கும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பழைய டிவியின் படக்குழாய்க்கு இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் செல்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது குழாயில் தங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டிவியைப் போட்டவுடன் பின்னாலிருந்து "ஸ்ஸ்" என்ற ஓசையும் ஒருவித நெடியும் வந்தால், உள்ளே உப்பும் தூசியும் ஈரமும் சேர்ந்து மின்சாரம் கசிகிறது என்று பொருள். உடனே அணைத்து, பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

பட்டியல் வருகிறது, படம் மட்டும் இல்லை என்றால்

நம் கரையில் அடிக்கடி நேர்வது இதுதான். பழைய அனலாக் காலத்தில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளிகள் கூடும். எறும்பு ஊர்வதுபோல் இருந்தாலும் ஆள் இன்னாரென்று தெரியும், பாட்டும் கேட்கும். டிஜிட்டலில் அந்தப் படிப்படியான தேய்வு இல்லை. ஓர் எல்லை வரை படம் பளிங்குபோல் இருக்கும். அதைத் தாண்டியதும் கட்டம் கட்டமாக உடைந்து, சிக்கி நின்று, சிக்னல் இல்லை என்ற வரி வந்துவிடும். ஆகவே "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது" என்பது பாக்ஸ் கெட்டதற்குச் சான்று ஆகாது. நேற்று வரை சிக்னல் விளிம்பில் நின்றிருக்கலாம்.

பட்டியலுக்குள் போய்ச் சிக்னல் அளவைக் காட்டும் பக்கத்தைத் திறந்தால், வலிமை, தரம் என்று இரண்டு பட்டைகள் தெரியும். டிஷ் வைத்திருப்பவர்கள் இவற்றின் வேறுபாட்டைப் புரிந்துகொள்வது அவசியம். எல்.என்.பி., அதாவது டிஷ்ஷின் முன்னால் நீண்ட கம்பியின் நுனியில் சிக்னலை வாங்கும் சிறு கருவி, உயிரோடு இருந்து ஒயரும் ஒழுங்காக இருந்தால், டிஷ் எந்தத் திசையைப் பார்த்தாலும் வலிமைப் பட்டை ஓரளவு ஏறியே நிற்கும். செயற்கைக்கோளைச் சரியாகப் பிடித்தால்தான் தரப் பட்டை ஏறும். வலிமை இருந்து தரம் பூச்சியமானால், டிஷ் நகர்ந்திருக்கிறது அல்லது கன மழை பெய்கிறது. இரண்டும் விழுந்துவிட்டால், ஒயர் அறுந்திருக்கிறது, கனெக்டருக்குள் கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன, அல்லது எல்.என்.பி. செத்துவிட்டது. தரம் ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருந்தால் கனெக்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டி.டி.எச்.சில் பாதிச் சேனல்கள் வந்து பாதி வராததும் பல நேரங்களில் இதே குறைதான். பாக்ஸ், ஒயர் வழியாக எல்.என்.பி.க்கு ஒரு பகுதிச் சேனல்களுக்கு 13 வோல்ட்டும் மற்றவற்றுக்கு 18 வோல்ட்டும் அனுப்புகிறது. களிம்பேறிய கனெக்டரில் அழுத்தம் குறைந்து 18 வோல்ட் போய்ச் சேராவிட்டால், அந்தப் பகுதி மட்டும் காணாமல் போகும்.

தங்கச்சிமடத்தில் என் சித்தி வீட்டு டிஷ், மழை வந்தால் போய்விடும், வெயில் ஏறினால் வந்துவிடும். சரிபார்க்க வந்தவர் ஒருவர் பாக்ஸை ஒருமுறை மாற்றினார். அடுத்த மழைக்கு அதே கதை. பிறகு நான் மாடியில் ஏறி, எல்.என்.பி.யில் இருந்த கனெக்டரைக் கழற்ற முயன்றபோது விரலுக்கு அது அசையவே இல்லை. பிளேயர் வைத்துத் திருப்பியதும் பச்சைப் பொடி உதிர்ந்தது. நடுவில் பளபளவென்று நிற்க வேண்டிய கம்பி, எரிந்த தீக்குச்சிபோல் கறுத்து, தொட்டவுடன் முறிந்தது. நம் ஊரில் உபயோகத்தில் இருக்கும் ஒயர்களில் பலவற்றின் நடுக்கம்பி முழுச் செம்பு அன்று. செம்பு முலாம் பூசிய எஃகு. மேற்பூச்சை உப்புக் காற்று தின்றுவிட்டால், உள்ளிருக்கும் எஃகு துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது.

கனெக்டரைப் புதிதாக மாட்டும் முறை இது. முதலில் பாக்ஸின் மின்சாரத்தை அணையுங்கள். முன்சொன்ன 13, 18 வோல்ட் ஒயரில் இருக்கும்போது நடுக்கம்பியும் அதைச் சுற்றியிருக்கும் வலைக்கம்பியும் தொட்டுக்கொண்டால் பாக்ஸ் பாழாகும். பழைய கனெக்டரை ஒயரோடு வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே வலைக்கம்பி மின்னும் இடம் வரும்வரை இரண்டிரண்டு விரற்கடையாக வெட்டிக்கொண்டே வாருங்கள். வலை திரி போலத் தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுத்திருக்கும் என்பதால் நுனியை மட்டும் வெட்டுவது பயன் தராது. பிறகு மேலுறையை ஒன்றரை சென்டிமீட்டர் அளவு சீவி, வலைக்கம்பியைப் பின்னால் மடக்குங்கள். உள்ளிருக்கும் வெள்ளைப் பஞ்சுறையைச் சீவி நடுக்கம்பியை வெளியே எடுங்கள். கனெக்டரைத் திருகி ஏற்றும்போது வெள்ளை உறை கனெக்டரின் உள்தரையோடு சமமாக வந்து நிற்க வேண்டும். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மட்டும் நீண்டிருக்க வேண்டும். வலையின் ஒரே ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் எல்லாம் கெட்டது. வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

மாட்டியபின் மூடுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சாதாரணக் கறுப்பு இன்சுலேஷன் டேப் நம் வெயிலில் பசை உருகி நெகிழ்ந்துவிடும். அதன்பின் தண்ணீரை வெளியே நிறுத்துவதற்குப் பதிலாக உள்ளே தேக்கி வைக்கும். இழுத்துச் சுற்றினால் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் மின்சாமான் கடைகளில் கிடைக்கும். அதைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறச் சுற்றுங்கள். ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் துளைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விட்டால், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், சுவருக்குள் வராது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீடுகளில், ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், இந்த இணைப்பைத் திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

கனெக்டர் சரியாக இருந்தும் தரம் ஏறவில்லை என்றால் மட்டும் டிஷ்ஷின் திசைக்கு வாருங்கள். டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து பார்த்தால் அது நேர் கிழக்கிலிருந்து தெற்குப் பக்கமாகச் சுமார் 32 பாகை விலகி, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 70 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சியை ஒட்டி நிற்கும். ஆகவே தென்னையோ பனையோ மறைக்கிறது என்று அவசரப்பட்டு மரத்தைக் குறை சொல்ல வேண்டாம். டிஷ்ஷைவிடப் பத்து மீட்டர் உயர்ந்த மரம்கூட, அந்தத் திசையில் நான்கு மீட்டருக்குள் நின்றால்தான் குறுக்கே வரும். மற்ற டி.டி.எச். சேவைகள் வேறு செயற்கைக்கோள்களைப் பயன்படுத்தக்கூடும் என்பதால், அதே சேவை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு டிஷ் பார்க்கும் பக்கத்தை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதக் கச்சான் காற்றில் டிஷ் நகர்ந்துபோவது இங்கே புதிதன்று. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். திருப்பும்போது விரல் நுனி அளவு நகர்த்தி, இரண்டு மூன்று விநாடி காத்திருந்து, பட்டையைக் கீழிருப்பவர் படித்துச் சொன்ன பிறகு அடுத்த நகர்வுக்குப் போங்கள். பாக்ஸ் அளவைக் காட்டுவது சற்றுத் தாமதமாகத்தான். வேகமாகத் திருப்பினால் சரியான இடத்தைக் கடந்த பிறகே பட்டை ஏறும். காற்று வீசும்போதும் மழை ஈரத்திலும் கைப்பிடிச் சுவரில் ஏறி இதைச் செய்ய வேண்டாம்.

கன மழையின்போது படம் போய், மழை விட்டதும் தானே வந்தால் அதில் சரிசெய்ய எதுவும் இல்லை. இந்த அலைவரிசையை மழைத்துளிகள் விழுங்கிவிடும். அதேபோல் மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், முற்பகல் 11 மணியை ஒட்டி, வானம் தெளிவாக இருக்கும்போதே ஃப்ரீ டிஷ் சில நிமிடம் அறுந்துபோவதைக் காணலாம். அப்போது சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. டீ குடித்துவிட்டு வந்தால் படம் இருக்கும்.

கேபிள் வீட்டில் சோதனை சுருக்கமானது. சுவரில் கேபிளை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இருந்தால் அதை விலக்கிவிட்டு, வரும் கேபிளை நேரடியாகப் பாக்ஸில் செருகிப் பாருங்கள். படம் வந்தால் ஸ்பிளிட்டரை மாற்றினால் போதும். பக்கத்து வீட்டிலும் படம் இல்லையென்றால் குறை தெருவில். கம்பத்தில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரை நீங்கள் தொடக் கூடாது. அதற்குப் போகும் கேபிளில் மின்சாரமும் சேர்ந்து செல்லக்கூடும்.

சிக்னல் நன்றாக இருந்து, சேனல் பெயரும் தெரிந்து, படத்துக்குப் பதிலாக ஏதேனும் ஓர் எண்ணோடு அறிவிப்பு மட்டும் வந்தால் அது பெரும்பாலும் சந்தாவோ கார்டோ. கார்டு உள்ள பாக்ஸில் அதை வெளியே எடுத்து, பொன்னிறத் தகட்டை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, எடுத்த திசையிலேயே செருகுங்கள். பணம் கட்டிய பிறகு பாக்ஸை அணைத்து வைக்காதீர்கள். அனுமதி சிக்னல் வழியாகத்தான் வருகிறது, பாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தால்தான் அதை வாங்கிக்கொள்ளும். அரை மணி நேரம் ஒரே சேனலில் விட்டுவையுங்கள்.

ரிமோட்டைப் பற்றி ஒன்று. அது வேலை செய்கிறதா என்று அறிய, கைப்பேசியின் கேமராவை அதன் முனைக்கு நேராகப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத ஒளி பல கைப்பேசித் திரைகளில் ஊதா நிறமாக மின்னும். மின்னவில்லை என்றால் பேட்டரியை மாற்றும் முன், உள்ளிருக்கும் ஸ்பிரிங்கை உப்புத்தாள் கொண்டு ஒருமுறை தேயுங்கள். இங்கும் களிம்புதான் பாதி நேரம். பாக்ஸைப் பழைய டிவியின் தலையில் வைத்து, அதன்மேல் பூவேலைத் துணி போட்டு அலங்கரிக்கும் வழக்கத்தையும் கைவிடுவது நல்லது. கீழிருந்து டிவியின் சூடும் மேலே துணியின் மூட்டமும் சேர்ந்து பாக்ஸின் ஆயுளைக் குறைக்கும். இடி முழங்கத் தொடங்கினால் மின் பிளக்கோடு டிஷ் அல்லது கேபிள் ஒயரையும் கழற்றிவிடுங்கள். மின்னல் இரண்டு வழியிலும் வரும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் படம் வரவில்லை என்றால் கேபிள்காரருக்கோ சேவை மையத்துக்கோ பேசுங்கள். "டிவி தெரியல" என்று மட்டும் சொல்லாமல், ஒரு தாளில் இவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்: பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் எண், மெனு வருகிறதா இல்லையா, வலிமையும் தரமும் எத்தனை, எல்லாச் சேனலும் போனதா சிலது மட்டுமா, திரையில் வந்த அறிவிப்பு எண், பக்கத்து வீட்டில் படம் இருக்கிறதா. இந்த ஆறையும் கேட்ட மெக்கானிக், பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வருவதற்குப் பதிலாக, வரும்போதே ஒரு கனெக்டரும் பத்தடி ஒயரும் எடுத்துக்கொண்டு வருவார்.